ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பும் கலாநிதி என். எம். பெரேராவும்

தரம் 13, கலைப்பிரிவு

சென்ற தவணையில் அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் சோல்பரி யாப்பைக் கற்றோம். அந்த யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு ஏற்பாடு என்றும், அது நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட முக்கிய வழக்கு கோடக்கன்பிள்ளை எதிர் முதனாயக்க என்றும் ஆசிரியை கூறினார். பரீட்சைக்காக ஆண்டையும் தீர்ப்பையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அந்த வழக்கு எந்த ஊரிலிருந்து எழுந்தது என்று அவர் சொன்னபோதுதான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அது ருவன்வெல்ல. உம்மாவின் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பஸ் நின்று செல்லும் அதே ருவன்வெல்ல.

அன்று மாலை டியூஷன் வகுப்பில் என்னருகே அமரும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவள். அவளுக்கு இது வியப்பாக இருக்கவில்லை. தன் பாட்டி ஒரு கடதாசியைப் பொலித்தீன் பையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார் என்றாள். கஷ்டம் வந்தபோது தோட்டைக்கூட அடகு வைத்தாராம். அந்தக் கடதாசியை மட்டும் யார் கையிலும் கொடுத்ததில்லையாம். அது பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். இந்த நாட்டிலே பிறந்து, இந்த மண்ணின் இறப்பர் மரங்களில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய ஒரு பெண், தான் இந்த நாட்டவள் என்று காட்டுவதற்கு ஒரு கடதாசியைக் காத்து வருகிறார். என் உம்மும்மாவிடம் அப்படியொரு கடதாசி இல்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினேன். அந்த வழக்கு நடந்த காலத்தில் ருவன்வெல்லயின் பாராளுமன்ற உறுப்பினர் யார் என்று பார்த்தபோது, கலாநிதி என். எம். பெரேராவின் பெயர் கிடைத்தது. கொழும்பு பொரளையில் அவரது பெயரில் ஒரு வீதி இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் அவரது அரசியல் வாழ்க்கை வேர்விட்ட இடம் எங்கள் கேகாலை மாவட்டமே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நானாயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்றபின் இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். பாராளுமன்றங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அரசியலமைப்புகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பனவே அவரது படிப்பின் மையம். இதை நாம் மறந்துவிடக் கூடாது. சட்டத்தின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியாதவை அல்ல.

படித்துத் திரும்பியவரை நாடறியச் செய்தது ஒரு கொடிய நோய். 1934ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர், யுவதிகளுடன் என். எம். கேகாலைக் கிராமங்களுக்கு வந்தார். மருந்து மட்டும் போதாது, பசியால் மெலிந்த உடம்பை நோய் மீண்டும் மீண்டும் பிடிக்கும் என்பதைக் கண்ட அவர்கள், உணவையும் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். பருப்புப் பகிர்ந்தளித்ததால் ஊர் மக்கள் அவரைப் பருப்பு மாத்தயா என்று அழைத்தார்களாம். என் உம்மாவின் வாப்பாவும் சிறு வயதில் பெரியவர்கள் வாயிலாக இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்.

1935 டிசம்பர் 18ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் என். எம். ஒருவர். அவர் மணந்த செலினா பெரேரா அம்மையாரும் அக்கட்சியின் ஆரம்பகால முன்னோடிகளுள் ஒருவராவார். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலம் அது. கீழ் நீதிமன்றங்களில் சிங்களமும் தமிழும் பயன்பட வேண்டும் என்பது கட்சியின் ஆரம்பக் கோரிக்கைகளுள் ஒன்று. இன்று இது சிறிய விடயமாகத் தோன்றலாம். தன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்னவென்றே விளங்காத மொழியில் விசாரிக்கப்படும் ஒரு தொழிலாளியின் இடத்தில் நின்று பார்த்தால்தான் அதன் பெறுமதி தெரியும்.

1936இல் ருவன்வெல்ல மக்கள் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். இலங்கையின் சட்டவாக்க சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியான அட்லின் மொலமுரே அம்மையாரை 1931இல் தெரிவு செய்ததும் இதே தொகுதிதான் என்பது எம்மைப் போன்ற மாணவியருக்குப் பெருமை தரும் செய்தி.

1937இல் நடந்த ஒரு சம்பவம், அரசாங்கமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பதை நாட்டுக்குக் காட்டியது. தோட்டத்தில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தைக் கண்டு மனம் மாறி, சமசமாஜ மேடையில் ஏறித் தொழிலாளருக்காகப் பேசினார். அவரை நாடு கடத்த ஆளுநர் கட்டளையிட்டார். கட்சித் தோழர்கள் அவரை மறைத்து வைத்தனர். இறுதியில் அவர் பிடிபட்டு உயர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்டார். நீதியரசர்கள் ஆளுநரின் கட்டளை சட்டப்படி செல்லாது என்று கூறி அவரை விடுவித்தனர்.

எனினும் ஒரு வெள்ளைக்காரருக்குக் கிடைத்த நீதி லயத்து மனிதருக்குக் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் என். எம். பெரேராவும் தோழர்களும் யுத்தத்தை எதிர்த்தமைக்காகக் கைது செய்யப்பட்டார்கள். விசாரணையின்றியே தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்றனர். அங்கும் பிடிபட்டு, மீண்டும் இலங்கைச் சிறைக்கே கொண்டுவரப்பட்டார் என். எம்.

யுத்தம் முடிந்தபின் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு போராட்டம் வெடித்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்து, காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க முடிவு செய்தது. கிராமத்தவருக்குக் காணி தேவைப்பட்டது உண்மை. ஆனால் அங்கே வாழ்ந்த தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. போவதற்கு இடமில்லாத அவர்கள் லயங்களை விட்டு அசையவில்லை. அத்துமீறி நுழைந்த குற்றம் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. பிறந்து வளர்ந்த அறைக்குள் இருப்பது அத்துமீறலா? 1946 ஜூனில் களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் தொழிலாளர் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தமக்கு உரிமை உண்டென்று உண்மையாகவே நம்பித் தங்கியிருந்தவரைக் குற்றவாளியாகக் கொள்ள முடியாது என்று 1950இல் அங்கே தீர்ப்பாயிற்று.

இதற்கிடையில் நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. 1947ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் ருவன்வெல்ல மக்கள் என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கிடைத்தன. இதன்பின் வந்த மூன்று சட்டங்களை வரிசையாகப் பார்த்தால் நடந்தது விளங்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், யார் இலங்கையர் என்று வரையறுத்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், மற்றவர்கள் எப்படி விண்ணப்பிக்கலாம் என்று கூறியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது.

முதற் சட்டத்தின்படி, இலங்கையிலே பிறந்திருந்தாலும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத லயத்துப் பிள்ளை தந்தையின் பிறப்பை எப்படி நிரூபிக்கும்? இரண்டாவது சட்டத்தின் பெயரிலுள்ள பாகிஸ்தானியர் என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களும் இதே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இது தோட்டத் தமிழரின் கதை மட்டும் என்று நாம் விலகி நிற்க முடியாது.

என். எம். பெரேராவும் ஏனைய இடதுசாரி உறுப்பினர்களும் இச்சட்டங்களைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர். இது உழைக்கும் மக்களுக்கு எதிரான சட்டம் என்பதே அவர்களது வாதம். ஆனால் பெரும்பான்மை அரசாங்கத்திடம் இருந்தது. சட்டங்கள் நிறைவேறின.

இங்கேதான் 29ஆம் பிரிவு வருகிறது. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது. ஆக்கினால் அது செல்லாது என்பதே அதன் சாரம். பாரபட்சத்துக்கு எதிரான காவல் யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. கேள்வி ஒன்றுதான். அதை அமுல்படுத்துவது யார்?

கோடக்கன்பிள்ளை ருவன்வெல்லத் தேர்தல் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பித்தார். அவர் பிரஜை அல்ல என்று பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்தார். அந்த முடிவை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், புதிய சட்ட ஏற்பாடுகள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று தீர்மானித்தார். எங்கள் மாவட்டத்து அதிகாரி ஒருவர் யாப்பில் எழுதியிருந்த பாதுகாப்பை உயிருள்ள சட்டமாக எடுத்துக்கொண்ட தருணம் அது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இரத்துச் செய்தது. 1953இல் கோமறைக் கழகமும் அதையே உறுதி செய்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒவ்வொரு நாட்டுக்கும் உரியது. இச்சட்டம் எந்தச் சமூகத்துக்கும் தடை விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சுருக்கம்.

இத்தீர்ப்பைப் பற்றி நான் பல நாட்கள் யோசித்தேன். ஒரு பாடசாலையில், பாட்டனார் காலத்திலிருந்தே இங்கு படித்த குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் முன்வரிசையில் அமரலாம் என்று விதி வந்தால், அதில் யாருடைய பெயரும் இருக்காது. எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் பின்வரிசைக்குப் போகப் போவது யார் என்பது வகுப்பிலுள்ள சகலருக்கும் தெரியும். சட்டத்தின் சொற்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாமல் போய்விடுகிறது.

விளைவு விரைவாகவே தெரிந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் தோட்ட மக்களின் சார்பில் ஓர் உறுப்பினர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை. அப்துல் அஸீஸ், தொண்டமான் போன்ற தலைவர்களைக் கொண்ட இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தது. பிரஜாவுரிமை கேட்டு எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பல வருடங்கள் கழித்து, அவர்களுள் சுமார் 134,000 பேருக்கு மட்டுமே அது கிடைத்தது.

என். எம். பெரேரா தளரவில்லை. 1953இல் அரிசி விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலின் முக்கிய தலைவர்களுள் அவரும் ஒருவர். 1954இல் கொழும்பு மாநகர முதல்வரானார். 1955இல் சிங்களம், தமிழ் இரண்டுக்கும் சம அந்தஸ்து வழங்கக் கோரிப் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். சிங்களம் மட்டும் என்ற அலை எழுந்துகொண்டிருந்த வேளையில், சிங்களத் தொகுதியொன்றின் உறுப்பினர் அப்படிப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தார். எதிர்க்கட்சித் தலைவராக அவர் நடந்துகொண்ட விதம் இன்றும் மதிக்கப்படுகிறது.

இத்துடன் முடித்தால் இது ஒரு வீரரின் கதையாகியிருக்கும். ஆனால் ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது பாதியை மறைப்பது நேர்மையாகாது.

1964 ஜூனில் என். எம். சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களின் அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. நாடற்றவர்களாகக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. எந்த மக்களின் வாக்குரிமைக்காக அவர் வாதாடினாரோ, அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் இரண்டு அரசாங்கங்கள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டபோது அவர் அமைச்சரவையில் இருந்தார். 1966 ஜனவரியில், தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகளுக்கு எதிரான போராட்டத்தில் அவரது கட்சியும் சேர்ந்துகொண்டது. பத்து வருடங்களுக்கு முன் சம அந்தஸ்துக் கேட்ட கட்சி அது.

1970இல் அவர் மீண்டும் நிதியமைச்சரானார். 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதை ஆக்குவதில் முன்னின்றவர் அவரது கட்சித் தோழரான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. புதிய யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் ஒன்று இருந்தது. ஆனால் அவ்வுரிமைகள் மீறப்பட்டால் நேரடியாக நீதிமன்றத்தை நாடுவதற்கு அதில் தனியான வழி வைக்கப்படவில்லை. காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. அது இடதுசாரிகளின் நீண்டநாள் கனவு. ஆயினும் 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களே கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மலேரியாக் காலத்தில் பருப்புக் கொண்டு வந்தவர் நிதியமைச்சராக இருந்த காலத்திலேயே இது நடந்தது என்பதை எழுதும்போது என் கை தயங்குகிறது.

ஏன் இப்படி நேர்ந்தது? பெரும்பான்மை மக்களின் ஆதரவின்றி ஆட்சிக்கு வர முடியாது என்று 1960ஆம் ஆண்டுத் தேர்தல் தோல்வி அவர்களுக்குக் காட்டியது. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களுக்காகப் பேசினால் வாக்குக் கிடைக்காது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் உண்மையான பலம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஒரு மக்களின் வாக்கை எடுத்ததோடு நிற்கவில்லை; அவர்களின் நண்பர்களையும் காலப்போக்கில் மௌனமாக்கியது.

1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1960 முதல் தன்னைத் தெரிவு செய்த எட்டியாந்தோட்டைத் தொகுதியை 1977இல் என். எம். இழந்தார். அதன் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பை ஆராய்ந்து விமர்சித்து நூல் எழுதினார். ஒருவர் கையில் அதிகாரம் குவிவதன் ஆபத்தை எச்சரித்தார். 1979 ஆகஸ்ட் 14ஆம் திகதி தமது 74ஆம் வயதில் காலமானார்.

அவர் விமர்சித்த அந்த யாப்பில்தான், இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற 12ஆம் உறுப்புரையும், அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடலாம் என்ற 126ஆம் உறுப்புரையும் இருக்கின்றன. 1996இல் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. நாடற்றவர்களின் துயரத்தை 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் பெருமளவு தீர்த்தன. 1948 முதல் 2003 வரை எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தைந்து வருடங்கள். ஒரு பெண் பிறந்து, வேலைக்குப் போய், பாட்டியாகிவிடும் காலம் அது.

அரபிக்கும் அரபி அல்லாதவருக்கும் இடையில் இறையச்சத்தாலன்றி வேறு உயர்வு இல்லை என்று எங்கள் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் உணர்த்திய பாடத்தைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்பது எளிது. அதன்படி நிற்பது, அதுவும் நமக்கு நட்டம் வரும் நேரத்தில் நிற்பது கடினம். என். எம். பெரேரா பல ஆண்டுகள் அப்படி நின்றார். பிறகு ஒரு கட்டத்தில் விலகினார். அவரிடமிருந்து நான் இரண்டையும் கற்றுக்கொள்கிறேன். நல்ல சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது. அதை அமுல்படுத்தச் சொல்லி விண்ணப்பப் படிவத்துடன் வாசலில் போய் நிற்கும் ஒரு கோடக்கன்பிள்ளையும் வேண்டும், அந்தப் படிவத்தை நேர்மையாக வாசிக்கும் ஓர் அதிகாரியும் வேண்டும், அதிகாரம் கைக்கு வந்த பின்னும் மறந்துவிடாத ஒரு தலைவரும் வேண்டும்.

அடுத்த வருடம் எனக்கும் என் தோழிக்கும் பதினெட்டு வயதாகும், இன்ஷா அல்லாஹ். கிராம உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்புப் படிவத்தை எங்கள் இருவரின் வீட்டுக்கும் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் அதை வாப்பா நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். லயத்தில் அதைத் தானே நிரப்பப் போவதாகத் தோழி சொல்கிறாள். நிரப்பியதும் முதலில் பாட்டியிடம் காட்டுவாளாம்.